பந்தயம் முடிந்த குதிரைக்கு முதலில் நிற்கக் கற்றுக்கொடுங்கள்

ஜெமினி மேம்பாலத்தைத் தாண்டிப் போகும்போது அந்தச் சிலையைப் பார்த்திருப்பீர்கள். முன்னங்கால்களைத் தூக்கி எகிறும் குதிரை, அதைப் பிடித்து அடக்கும் மனிதன். 1974-ல் தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்ததன் நினைவாக வைத்தது அது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று 1996-ல் தீர்ப்பு வந்தது. 2024 செப்டம்பரில் கிண்டி பந்தயத் திடல் நிலத்தின் குத்தகையை அரசு ரத்து செய்தது. பந்தயம் வேண்டுமா வேண்டாமா என்று ஐம்பது வருஷமாகப் பேசுகிறோம். ஓடி முடித்த குதிரை அடுத்து எங்கே போகிறது என்று கேட்பவர்கள் குறைவு.

கணக்கு எளிது. பந்தயக் குதிரை இரண்டு வயதில் ஓடத் தொடங்குகிறது. ஐந்து, ஆறு வயதுக்குள் பெரும்பாலான குதிரைகளின் ஓட்டம் முடிந்துவிடுகிறது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் அது 25 வயதைத் தாண்டியும் வாழும். அதாவது வாழ்க்கையில் முக்கால் பங்கு இனிமேல்தான். அந்த முக்கால் பங்குக்கு ஒரு வேலை, ஒரு இடம், ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக இருக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு சிறிய லாயத்தில் இந்தக் குதிரைகளோடு பல வருஷம் கழித்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குதிரையே ஏறியதில்லை என்றால், நல்ல சவாரிப் பள்ளியில் ஒரு வருஷமாவது பழகுங்கள். நடை, ட்ராட் (துள்ளு நடை), கேண்டர் (நிதானமான ஓட்டம்) மூன்றிலும் கடிவாள வாரைப் பிடித்துத் தொங்காமல் உட்கார வந்த பிறகு யோசிக்கலாம். கற்றுக்கொள்ளும் குதிரையும் கற்றுக்கொள்ளும் ஆளும் சேர்ந்தால் இரண்டு பேருக்கும் அடிபடும்.

எந்தக் குதிரை?

எத்தனை கோப்பை ஜெயித்தது என்று கேட்காதீர்கள். ஏன் ஓட்டத்தை நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். "வேகம் பத்தலை" என்று பதில் வந்தால் அதைவிட நல்ல செய்தி கிடையாது. மெதுவாக ஓடியதால் வெளியே வந்த குதிரைக்குக் கால்கள் முழுசாக இருக்கும். "கால்ல கொஞ்சம் பிரச்சினை" என்றால் எந்தக் கால், என்ன பிரச்சினை, எப்போது, எவ்வளவு ஓய்வு கொடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குங்கள். முன்னங்காலின் பின்பக்கம், முட்டிக்குக் கீழே தசைநாண் வில் மாதிரி வெளியே வளைந்திருந்தால், அங்கே ஒருமுறை கிழிந்து ஆறியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குதிரை தாண்டும் போட்டிக்கு ஆகாது. நிதானமான சவாரிக்குப் பல வருஷம் உழைக்கலாம். மூச்சு இழுக்கும்போது தொண்டையில் இரைச்சல் கேட்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

முதலாளியிடமும் ட்ரெயினரிடமும் பேசுங்கள், அது சரி. ஆனால் சைஸிடம், அதாவது குதிரையைப் பராமரிக்கும் ஆளிடம், பேசாமல் வாங்காதீர்கள். குதிரையைத் தேய்த்து, தீனி போட்டு, நடத்திக் கொண்டுபோய், ராத்திரி பக்கத்திலேயே படுத்துக் கிடப்பவர் அவர்தான். கடிக்குமா, தனியாக விட்டால் கத்துமா, லாடம் அடிக்க நிற்குமா, வண்டியில் ஏறுமா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

பேச்சு முடிந்ததும் லாயத்தின் வாசலில் அரை மணி நேரம் சும்மா நில்லுங்கள். காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு பின்புறத்தைக் காட்டுகிறதா, தலையை நீட்டி மோந்து பார்க்கிறதா? ஓயாமல் தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருக்கிறதா, மரக்கட்டையைக் கடித்துக் காற்றை விழுங்குகிறதா? இந்தப் பழக்கங்கள் நாளெல்லாம் அடைபட்டுக் கிடந்ததால் வருபவை. அதற்காக வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. இருப்பது தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

குதிரையின் பாஸ்போர்ட் புத்தகத்தையும் கழுத்தில் உள்ள மைக்ரோசிப் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களுக்கு வேண்டிய கால்நடை மருத்துவரை வைத்துக் கால்களுக்கு எக்ஸ்ரே எடுங்கள். கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனை முடிவு கையில் இல்லாமல் குதிரையை இடம் மாற்றாதீர்கள். அது மனிதருக்கும் தொற்றும் நோய், சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்.

இடம்

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறை, உயரமான கூரை, இரண்டு பக்கமும் காற்று, ஒரு ஃபேன். அறையைவிட முக்கியம், வேலி போட்ட திறந்த வெளி. நவம்பர் மாதம் அந்த இடத்தில் தண்ணீர் நிற்குமா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். வாரக்கணக்கில் சேற்றில் நின்றால் குளம்பின் அடியில் அழுகல் வரும். கறுப்பாக, மூக்கைப் பிடிக்கும் நாற்றத்தோடு இருக்கும். தினமும் குளம்பைத் தூக்கிச் சுரண்டிச் சுத்தம் செய்வதுதான் இதற்கு மருந்து.

குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி. தனியாக வைக்காதீர்கள். இன்னொரு குதிரை இல்லையென்றால் ஒரு ஆடாவது பக்கத்தில் இருக்கட்டும்.

தீனி: அவசரப்பட்டால் இங்கேதான் விபரீதம்

ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அதற்கு ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு கிலோ தானியம் போயிருக்கும். ஓட்டத்தை நிறுத்திவிட்டு அதே தானியத்தைப் போட்டால் அந்தச் சக்தி எங்கே போகும்? உங்கள் தலைமேல்தான் ஏறும். அதற்காக ஒரே நாளில் நிறுத்திவிடவும் கூடாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரைக் கிலோவாகக் குறைத்து, அந்த இடத்தில் புல்லைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

450 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு ஏழு முதல் ஒன்பது கிலோ காய்ந்த புல் அல்லது அதற்கு ஈடான பச்சைப் புல் வேண்டும். அதையும் இரண்டு வேளையாகக் கொட்டாமல், நாள் முழுக்க மென்றுகொண்டே இருக்கும்படி பிரித்துப் போடுங்கள். குதிரையின் வயிற்றில் அமிலம் எந்நேரமும் சுரக்கும். வயிறு காலியாக இருந்தால் புண்ணாகிவிடும். பந்தயப் பயிற்சியில் இருக்கும் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் புண் இருப்பது மருத்துவர்கள் அறிந்த விஷயம். சேணத்தின் வாரை இறுக்கும்போது கடிக்க வருகிறது என்றால் திமிர் என்று நினைத்து அடிக்காதீர்கள். வயிறு வலிக்கிறதா என்று பாருங்கள்.

அறுகம்புல் மாதிரி உகந்த தீனி இல்லை. குதிரைமசால் (லூசர்ன்) தீவனத்தின் பெயரிலேயே குதிரை இருக்கிறது. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் நிறைந்தது. ஆனால் அளவாகப் போடுங்கள்.

சென்னையைச் சுற்றி மாட்டுப் பண்ணைகளில் எளிதாகக் கிடைப்பது கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், கோ-4 மாதிரி ரகங்கள். மாடு அதைத் தின்று கொழிக்கும். குதிரைக்கு அதையே முழுத் தீனியாக்கினால் ஆபத்து. அந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுவதால் மாட்டுக்குப் பாதிப்பு குறைவு. குதிரையோ தேவையான சுண்ணாம்புச் சத்தைத் தன் எலும்பிலிருந்தே எடுக்கத் தொடங்கும். மாதங்கள் போகப் போக முகத்தின் இரண்டு பக்கமும் வீங்கும், நடை தடுமாறும். கோதுமைத் தவிட்டை வாளி வாளியாகப் போட்டாலும் இதே கதிதான், அதில் பாஸ்பரஸ் அதிகம். எங்கள் லாயத்துக்கு வந்த ஒரு குதிரையின் முகத்தைப் பார்த்து, யாரோ அடித்துவிட்டார்கள் என்றே நினைத்தோம். மருத்துவர் விரலால் கன்ன எலும்பை அழுத்திப் பார்த்துவிட்டு, "இதுக்கு என்ன புல் போட்டாங்க?" என்றுதான் முதலில் கேட்டார்.

வைக்கோலை மட்டும் நம்பாதீர்கள். சத்தும் குறைவு, குடலில் அடைக்கவும் செய்யும். கொள்ளு கொடுக்கலாம். ஊறவைத்து, வேகவைத்து, ஆறவைத்துக் கொடுங்கள். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பார்கள். பந்தயம் முடிந்து வரும் குதிரை இளைத்திருக்கும், ஆனால் கொள்ளை மட்டுமே கொட்டி உடம்பைத் தேற்ற முடியாது. புல்தான் தேற்றும்.

தண்ணீர் சாதாரண நாளில் 25 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும், கத்திரி வெயிலில் அதற்கும் மேலே. தீனியோடு கொஞ்சம் உப்பு சேருங்கள்.

குதிரை தரையை முன்னங்காலால் பறிக்கிறது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கிறது, படுத்துப் படுத்து எழுகிறது, சாணம் போடவில்லை என்றால் வயிற்றுவலி. உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். பாட்டிலில் எண்ணெயை ஊற்றி வாயில் திணிக்கும் வைத்தியம் வேண்டவே வேண்டாம், அது நுரையீரலுக்குப் போனால் பிழைக்காது. 1903-ல் தொடங்கப்பட்டு, இப்போது வேப்பேரியில் இயங்கிவரும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் பெரிய விலங்குகளுக்கான சிகிச்சைப் பிரிவு உண்டு. அங்கே குதிரையைக் கொண்டுபோக ராத்திரி இரண்டு மணிக்கு யாருடைய வண்டி வரும் என்பதைக் குதிரை வருவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு மாதம் ஏறாதீர்கள்

கேட்கும்போதே பலருக்கு முகம் சுருங்கும். ஆசையாக வாங்கிவிட்டு ஏறாமல் இருப்பதா? இருங்கள். இந்தக் குதிரை சின்ன வயதிலிருந்து ஒரு நாளில் இருபத்திரண்டு, இருபத்துமூன்று மணி நேரம் அறைக்குள் நின்று, மீதி நேரம் ஓடியே வளர்ந்தது. வெளியில் விட்டால் முதல் சில நாள் புல்லை மேயக்கூடத் தெரியாமல் வேலி ஓரமாக ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் முதல் நாளே நாள் முழுக்க விடாமல், காலையில் ஒரு மணி நேரம், கால்களுக்குப் பட்டை கட்டி, அமைதியான துணைக் குதிரையோடு விடுங்கள். மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள்.

பந்தய அலுமினிய லாடத்தைக் கழற்றச் சொல்லுங்கள். அடுத்து இரும்பு லாடமா, வெறும் குளம்பா என்பதை லாடக்காரர் குளம்பைப் பார்த்து முடிவு செய்யட்டும். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை அவர் வந்தே ஆக வேண்டும். பல்லைப் பார்ப்பது, குடற்புழு மருந்து, டெட்டனஸ் ஊசி, தெருநாய்கள் உள்ள நம் ஊரில் வெறிநோய்த் தடுப்பூசி எல்லாம் இந்த இரண்டு மாதத்தில் முடித்துவிடுங்கள்.

நிற்கப் பழக்குதல்

இப்போது நான் செய்த தவறைச் சொல்கிறேன். நான் பொறுப்பேற்ற முதல் பந்தயக் குதிரை, செம்பட்டை நிறம், ஆறு வயது. வந்த பத்தாவது நாளே ஏறினேன். திடலின் கோடி வரை அழகாக நடந்தது. திரும்பும்போது கொஞ்சம் வேகம் பிடித்தது. நான் வாரை இழுத்தேன். இன்னும் வேகம் பிடித்தது. பலமாக இழுத்தேன். கழுத்தைத் தாழ்த்திக் கடிவாளத்தில் முழு பலத்தையும் சாய்த்து, காதில் காற்று இரைய ஓடியது. வேலிக்குப் பத்தடி முன்னால் அதுவாகத் திரும்பியதில் நான் கீழே விழுந்தேன், தோள்பட்டை எலும்பு முறிந்தது. பந்தய லாயத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்த ஒரு சைஸ் அண்ணன் தூக்கி உட்கார வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அத இழுக்காதப்பா. இழுத்தா ஓடணும்னுதான் அதுக்கு நாங்க சொல்லிக்கொடுத்திருக்கோம்."

இதைவிட முக்கியமான பாடம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பந்தயத்தில் ஜாக்கி வாரைக் குட்டையாகப் பிடித்திருப்பார், குதிரை அதில் சாய்ந்துகொண்டு ஓடும். நாம் "நில்" என்று நினைத்து இழுப்பது அதன் காதில் "ஓடு" என்று விழுகிறது. அதன்மேல் எந்தத் தப்பும் இல்லை, கற்றதைச் சரியாகத்தான் செய்கிறது. ஆகவே புதிதாக ஒரு மொழியைத் தரையில் நின்றே சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த மொழியின் முதல் வார்த்தை "நில்".

கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிரையின் இடது தோளருகே நடங்கள். நான்கு அடி. நீங்கள் நில்லுங்கள், "ஓ" என்று நீட்டிச் சொல்லுங்கள். குதிரை உங்களைத் தாண்டிப் போனால் ஒரு முறை கயிற்றை அசைத்து, இரண்டு அடி பின்னால் வரச் சொல்லுங்கள். நின்றதும் கயிறு உடனே தளர வேண்டும். கைதட்டலோ வெல்லமோ வேண்டாம். தளர்வுதான் பரிசு. பிடரியின் அடியில், முதுகு தொடங்கும் மேட்டில் விரல்களால் சொறிந்துவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் மேலுதடு நீண்டு துடிக்கும், தலை தாழும், வாயைச் சப்புக்கொட்டும். அந்த இடத்தில் அன்றைய பாடத்தை முடித்துவிடுங்கள், பத்து நிமிஷம்தான் ஆகியிருந்தாலும்.

தீவுத்திடல் பக்கம், சென்னை ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலை 1839-லிருந்து நிற்கிறது. சேணமும் அங்கவடியும் இல்லாததை எல்லோரும் பேசுவார்கள். நான் அந்தக் குதிரையின் கால்களைப் பார்ப்பேன். நான்கு குளம்பும் தரையில். ஜெமினி பாலத்துக் குதிரையிலிருந்து மன்றோ குதிரை வரை கொண்டுவருவதுதான் நமக்கு உள்ள வேலை என்று புதிதாக வருபவர்களிடம் சொல்வேன்.

நிற்பது பழகியபின் நீளக் கயிற்றில் வட்டமாக நடத்துங்கள். ஒரு பக்கம் இயல்பாக வளையும், மறுபக்கம் பலகை மாதிரி விறைக்கும். விறைக்கும் பக்கத்தில் அதிக நேரம் எடுக்காமல், அடிக்கடி, சிறிது சிறிதாக. இருபது நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். சின்ன வட்டத்தில் சுற்றுவது மூட்டுகளுக்குச் சுமை.

ஏறுதல்

பந்தய லாயத்தில் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே ஜாக்கியின் காலைப் பிடித்துத் தூக்கி ஏற்றிவிடுவார்கள். மேடை பக்கத்தில் நின்று ஆளை ஏற்றிக்கொள்வது அது அறியாத விஷயம். மேடை அருகே கொண்டுபோய் நிறுத்துங்கள், சொறியுங்கள், திரும்பக் கூட்டிப் போங்கள். ஏறவே வேண்டாம். மறுநாள் மேடைமேல் ஏறி நின்று சேணத்தைத் தட்டுங்கள். அதற்கடுத்த நாள் வயிற்றை அதன் முதுகில் சாய்த்துத் தொங்கிவிட்டு இறங்குங்கள். ஒரு ஆள் தலைப்பக்கம் நிற்கட்டும். உங்கள் தலையில் ஹெல்மெட் இல்லாமல் இதில் எதையும் செய்யாதீர்கள்.

அங்கவடியை நீளமாக வைத்து ஆழமாக உட்காருங்கள், ஆனால் மூட்டை மாதிரி விழாதீர்கள். ஜாக்கி முதுகைத் தொடாமல் ஓட்டுபவர், முழு எடையும் முதுகில் உட்காருவது இதற்குப் புதிது. விலாவில் கால் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியாது, அதனால் தரையில் பழக்கிய குரலையும் காலையும் சேர்த்துக் கொடுங்கள். ஸ்னாஃபிள் என்கிற மென்மையான கடிவாளம் போதும். வேகம் பிடித்தால் இரண்டு வாரையும் இழுக்க வேண்டாம். மூச்சை வெளியே விட்டு, ஒரு கையைப் பக்கவாட்டில் விலக்கிப் பெரிய வட்டமாகத் திருப்புங்கள். வட்டம் சிறுத்துக்கொண்டே வந்தால் குதிரை தானாக மெதுவாகும். திருப்பும் பக்கத்து வாரை மட்டும் பிடி, விடு, பிடி, விடு. தொடர்ந்து பிடித்திருந்தால் அது சாய்ந்துகொள்ள நாமே சுவர் கட்டிக் கொடுத்த மாதிரி.

முதல் மாதம் நடை. இரண்டாம் மாதம் ட்ராட். கேண்டரைத் தள்ளிப் போடுங்கள், அங்கேதான் பழைய ஞாபகம் வரும். அமெரிக்காவில் ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளுக்கென்று கெண்டக்கியில் வருஷா வருஷம் ஒரு போட்டி நடக்கிறது. அதற்குச் சுமார் பத்து மாதப் பயிற்சியோடு வருகிறார்கள், அதுவும் தேர்ந்த ஆட்கள். நீங்கள் ஒன்றரை வருஷம் எடுத்துக்கொண்டால் அது தாமதமே இல்லை.

நம் ஊர் வெயில், மழை, வெடி

சவாரி காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடியட்டும். சென்னைப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். ஓடி வந்த குதிரையின் தோல் காய்ந்து, மூக்குத் துவாரம் விரிந்து வேகமாக மூச்சு வாங்கினால் கவனியுங்கள். ஓய்வில் நிமிஷத்துக்கு 8 முதல் 16 மூச்சு இயல்பு. நிழலில் நிறுத்தி, ஃபேனைப் போட்டு, உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், மருத்துவரை அழையுங்கள்.

மழைக்காலத்திலும் அதற்குப் பிறகும் கடிக்கும் பெரிய ஈக்கள் சர்ரா என்ற ரத்த நோயைப் பரப்பும். விட்டு விட்டுக் காய்ச்சல், வயிற்றின் அடியில் வீக்கம், உடம்பு இளைத்தல் என்றால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே காதில் பஞ்சு வைத்துப் பழக்குங்கள். அன்று ராத்திரி ஆள் கூடவே இருக்க வேண்டும், முன்னால் நிறையப் புல் இருக்க வேண்டும்.

கடற்கரைக்குக் கூட்டிப் போகலாம். ஆழமான உலர்ந்த மணலில் ஓட்டாதீர்கள், தசைநாண் தாங்காது. அலை வந்து போகும் ஈர மணலில் நடத்துங்கள். முதல் முறை நுரை காலடிக்கு வந்ததும் குதிரை துள்ளிப் பின்வாங்கும். திரும்பவும் நில்லுங்கள். மூன்றாவது அலைக்குள் மூக்கைத் தாழ்த்தி நுரையை மோந்து பார்க்கும்.

என்ன வேலைக்கு?

சவாரிப் பள்ளி, சின்னத் தாண்டல், டிரெசாஜ் (சவாரியாளரின் சைகைக்கு நுட்பமாக அசைய வைக்கும் பயிற்சி), போலோ, நீண்ட தூர நிதான சவாரி என்று பல உண்டு. மெரினாவில் ரோந்து போகும் சென்னைக் காவல்துறையின் குதிரைப்படையிலும் பந்தயத் திடலிலிருந்து வந்த குதிரைகள் பணியாற்றியிருக்கின்றன. எது பொருந்தும் என்று நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். தரையில் கிடக்கும் கட்டையைப் பார்த்ததும் காதை நிமிர்த்திக்கொண்டு போகும் குதிரை தாண்டும். கூட்டத்தைப் பார்த்தும் கண் அசராமல் நிற்கும் குதிரை குழந்தைகளைச் சுமக்கும். எதுவும் வேண்டாம், மேய்ந்தால் போதும் என்றிருக்கும் குதிரையும் உண்டு. அதற்கும் இடம் கொடுக்க முடியுமா என்று வாங்கும் முன்பே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால், இன்னொருவருக்குக் கொடுக்கும்போது பாஸ்போர்ட்டோடு ஒரு தாளும் எழுதிக் கொடுங்கள். திருப்பித் தர நேர்ந்தால் முதலில் நமக்கே சொல்ல வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என் தோளை முறித்த அந்தச் செம்பட்டைக் குதிரை மூன்று வருஷம் கழித்து ஒரு சவாரிப் பள்ளிக்குப் போனது. அதோடு நாங்கள் கொடுத்த தாளில் இருந்தது இவ்வளவுதான்:

"கொள்ளு வேகவைத்துத்தான். ஒட்டுப்புல் கூடாது. இடது காதைத் தொடவிடாது, கட்டாயப்படுத்த வேண்டாம். பக்கத்து அறையில் வேறொரு குதிரை இருக்க வேண்டும். தீபாவளிக்குக் காதில் பஞ்சு. மேடையருகே நிற்கும், ஆனால் பிடரியைச் சொறிந்த பிறகுதான். வாரை இழுக்க வேண்டாம். 'ஓ' என்றால் போதும்."